மரத்துக்கு வந்த சிவப்பு மருந்து

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

தோல் நோய்களைப் பற்றி உதவியாக ஏதாவது எழுதச் சொன்னீர்கள். எந்தக் களிம்பை எத்தனை வேளை பூசுவது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் வண்ணப் படத்தோடு இருக்கிறது. அந்தப் படங்கள் என்னைவிட லட்சணமாகவும் இருக்கின்றன. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். யாருடைய தோலுக்கு எவ்வளவு மரியாதை என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்கிறேன்.

நான் தோட்டத்து டிரஸராக இருந்தவன். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் நீளமான பதவிப் பெயர்கள் வந்துவிட்டன. எங்கள் காலத்தில் பல்வலியிலிருந்து பாம்புக்கடி வரை தனியாளாகப் பார்க்கிறவனுக்கு டிரஸர் என்று பெயர். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை காரில் வருவார். இஞ்சினை அணைத்தால் நோயாளிகள் சேர்ந்துவிடுவார்கள் என்று பயந்தவர் போல அவசரமாகப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். எழுபதுகளின் பின்பாதி. ஈப்போவுக்குத் தெற்கே, பீடோருக்கும் சுங்காய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது, அதற்கு இந்தக் கதை தெரியாது.

அந்தத் தோட்டத்தில் இரண்டு வகைத் தோல் இருந்தது. ஒன்று மரத்தின் பட்டை, மற்றது மனிதத் தோல். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வெளியே செத்த படலம், அதற்குள்ளே உயிர். ரப்பர் மரத்தின் வெளிப்பட்டை காய்ந்து சொரசொரவென்று கிடக்கும், அதற்குள்தான் பால் ஓடும். நம் மேல்தோலின் மேற்பரப்பும் செத்த செல்கள்தான். அந்தச் செத்தது நின்று காவல் காப்பதால்தான் உள்ளே இருப்பது பிழைக்கிறது. இதில் இயற்கை யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. அந்த வேலையை அது தோட்ட நிர்வாகத்திடம் விட்டுவிட்டது.

எங்கள் பெரிய தொரை, அதாவது தோட்ட மேனேஜர், ஈப்போவில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். வெள்ளைக்காரர்கள் போகும்போது நாற்காலியையும் தொப்பியையும் விட்டுப் போனார்கள், இவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். நம்மவர்தான், தமிழ் பேசுவார். ஆனால் தமிழ் கையில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவர் போலப் பேசுவார். மரத்தின் மீது அவருக்கு இருந்த பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பால் வெட்டுகிற கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், அவரே ரப்பர்க் காட்டுக்குள் இறங்கி வந்து, அந்தக் காயத்தை விரலால் தடவிப் பார்த்து, "ச்சு, ச்சு" என்பார். அந்தக் கத்தி வழுக்கி வெட்டுகிறவர் கையில் இறங்கினால் "டிரஸர்கிட்ட போ" என்பார். அதில் "ச்சு" கிடையாது.

ஒரு மழைக்காலத்தில், புதிதாகப் பால் வெட்டத் தொடங்கியிருந்த ரப்பர்க் காட்டில் பட்டை அழுகல் வந்தது. வெட்டிய கோட்டுக்கு மேலே கறுப்பாகப் பூத்து, பட்டை சொதசொதவென்று ஆகிவிடும். தொரைக்குத் தூக்கம் போயிற்று. தலைமை ஆபீசுக்குத் தந்தி பறந்தது. சில நாட்களில் பீப்பாய் பீப்பாயாக ஒரு சிவப்பு மருந்து வந்து இறங்கியது. பால் வெட்டி முடித்ததும் பிரஷ்ஷால் பட்டையில் பூச வேண்டும். தோட்டத்திலேயே நல்ல பூட்டு போட்ட அறை என் ஆஸ்பத்திரி ஸ்டோர்தான் என்பதால் பீப்பாய்கள் அங்கே வந்தன. அவற்றுக்கு இடம் வேண்டும் என்று என் களிம்பு டப்பாக்களை ஜன்னல் விளிம்புக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பெரிய கஷ்டமில்லை, அவற்றில் பாதி காலி.

இப்போது நடந்த தவறைக் கேளுங்கள். இதை நம் தோட்டத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அஞ்சலை என்று ஓர் அம்மாள், பழைய பால்வெட்டு ஆள். ஒருநாள் வந்து, "டிரஸரய்யா, அந்தச் செவப்பு மருந்துல கொஞ்சம் குடுங்க லா. கால்ல சேத்துப்புண்ணு" என்றார்.

"அது மரத்துக்குப் பூசற மருந்தும்மா. ஆளுக்கு ஆகாது."

"அதனாலதான் கேக்கறேன். மரம் செத்தா தொரைக்கு நட்டம். நான் செத்தா அவருக்கு என்னா? அப்ப அசல் மருந்த எதுக்கு வாங்குவாரு, சொல்லுங்க? எங்களுக்குக் குடுக்கற வெள்ளக் களிம்பு வெறும் மாவு."

அவர் சொன்னதில் முடிவு மட்டும்தான் தப்பு. அதற்கு முன்னால் வந்த அத்தனையும் சரி. அதற்காக மருந்தைக் கொடுத்துவிட முடியுமா? முடியாது என்று சொல்லி வெள்ளைக் களிம்பையே கொடுத்தனுப்பினேன். வாசலைத் தாண்டும்போதே அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

பூட்டு என்னிடம் இருந்து என்ன பயன்? பூசுகிற பிரஷ் அவர்களிடம் இருந்தது. டின்னின் அடியில் மிச்சம் இருப்பது ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் தோட்டமே சிவந்தது. படர்தாமரைக்காரர்களுக்கு வயிற்றில் சிவப்பு வட்டம். சேற்றுப்புண் வந்தவர்களுக்குச் சிவப்புப் பாதம். கோயில் பூசாரி கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டை தெரிந்தது, குங்குமம் என்று சாதித்தார். நான் கத்தினேன், மிரட்டினேன், லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். ஆனால் சிலருக்கு அரிப்பு நின்றுவிட்டதே! பூசணத்தைக் கொல்லும் மருந்து பூசணத்தைக் கொன்றது. அதுதான் எனக்குப் பெரிய சூசாவாக, தொல்லையாகப் போயிற்று. ஒரு தவறு வேலை செய்யத் தொடங்கிவிட்டால், சரியானதைச் சொல்கிறவன் பைத்தியக்காரனாகத் தெரிவான்.

இனி மாரியாயி. புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களில் ஒருத்தி. முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல வாய்க்காரி. புருசன் தஞ்சோங் மாலிம் பக்கம் லாரி ஓட்டினான். இரண்டு பிள்ளைகள். களைக்கொல்லி நிறைந்த பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நெரை நெரையாக நடந்து அடிக்க வேண்டும். பம்புகள் எல்லாம் கிழடு. மூடி சரியாக இறுகாது, அடியில் ஒழுகும். முதுகில் வழிந்து, புருசனின் பழைய சட்டையை நனைத்து, பாவாடை நாடா வரை ஊறும். அப்படியே நாள் முழுக்க நிற்பார்கள். பம்பை மாற்றுங்கள், கையுறை கொடுங்கள், முதுகுக்கு ஒரு பிளாஸ்டிக் துணியாவது கொடுங்கள் என்று நான் கேட்காத மாதமில்லை. "பாப்போம் டிரஸர்" என்பார் தொரை. அவர் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

அந்தக் களைக்கொல்லியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மேல்தோல் முழுசாக இருந்தால் அது உள்ளே நுழையத் தடுமாறும். மேல்தோல் உரிந்த இடத்தில் படிப்படியாக இறங்கி, சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். போய் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஆளில்லை.

ஒருநாள் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போன பிறகு, அஞ்சலை மாரியாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். வாந்தி, வாயெல்லாம் எரிச்சல், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாள். வாய்க்காரி அன்றைக்கு எண்ணி எண்ணிப் பேசினாள். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"முதுகக் காட்டும்மா" என்றேன்.

கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த மாதிரி முதுகு முழுக்கச் சிவப்பு. புண் எதுவும் தெரியவில்லை. சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

"நாந்தான் பூசி விட்டேன்" என்றார் அஞ்சலை, கொஞ்சம் பெருமையாகவே. "அரிக்குது அரிக்குதுன்னு சொறிஞ்சிக்கிட்டே இருந்தா. மரத்துக்குப் பூசற மாதிரியே மேலேருந்து கீழ ஒரே இழுப்பு. நாலஞ்சு நாளா பூசறேன்."

"பூசிக்கிட்டு வேலைக்கும் போனியா?"

"போனேன்" என்றாள் மாரியாயி. "பூசுன பட்டைய மறுநாளும் வெட்டறோம்ல ஐயா? மரம் தாங்குதே."

பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். சிவப்பு போகப் போக உள்ளே இருந்தது தெரிந்தது. பம்பின் அடி உட்காரும் இடத்திலும், பட்டைவார் உரசும் தோளிலும் மேல்தோலே இல்லை. பச்சை இறைச்சி. சாயம் அதை மூடி மறைத்திருந்தது, எரிச்சலையும் மறக்கடித்திருந்தது. அந்தத் திறந்த கதவின் மேலேதான் அவள் தினமும் ஒழுகும் பம்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அஞ்சலை எட்டிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புண்ணைக் கழுவி, களைக்கொல்லி ஊறிய சட்டையை மாற்றச் சொன்னேன். அதற்கு மேல் என் ஆஸ்பத்திரியில் எதுவும் இல்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவும் அப்போதே. தோட்டத்து வேன் பீடோர் பட்டறையில் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. மழையில் செம்மண் ரோடு குழம்பாகிவிட்டதால் டாக்சிக்காரர்கள் தோட்ட வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். ரோட்டைத் தாண்டக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான், தொரையின் லேண்ட்ரோவர்.

ஆபீசுக்கு ஓடினேன். அங்கே தலைமை ஆபீசிலிருந்து பட்டை நிபுணர் வந்திருந்தார். ஒல்லியான தமிழர், இளைஞர், கழுத்தில் கயிறு கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி. மேசைமேல் ஈரச் செய்தித்தாளில் பட்டைத் துண்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. என் வார்டு கட்டில்களில் அவ்வளவு சுத்தமான விரிப்பு கிடையாது. லேண்ட்ரோவர் வாசலில் நின்றது. இருவரும் காட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிற நேரம்.

"தொரை, மாரியாயிய ஈப்போ கொண்டு போவணும். வண்டி வேணும். இல்லாட்டி செத்துருவா" என்றேன்.

"என்ன கேஸ்?"

"முதுகுல தோல் உரிஞ்சு, புல்லு மருந்து உள்ள எறங்கியிருக்கு."

"ஓ, தோல் அரிப்பா? சாயங்காலம் பாப்போம் டிரஸர். இவரு ஒரு நாளைக்குத்தான் வந்திருக்காரு."

"அரிப்பு இல்ல தொரை. மூச்சு வாங்குது. சாயங்காலம் வரைக்கும் வைக்கக்கூடாது. ஆளு செத்துரும்."

"நீங்க எப்பவும் இப்படித்தான். ஒருத்திக்கு வண்டி குடுத்தா நாளைக்கு எல்லாம் கேக்கும். தோலுக்கெல்லாம் லேண்ட்ரோவர் கெடையாது."

கேட்டீர்களா? தோலுக்கு லேண்ட்ரோவர் கிடையாதாம். அந்த வண்டி எதைப் பார்க்கப் போகிறது? தோலைத்தானே, மரத்தின் தோலை. எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. நான் கத்தியிருக்கலாம். கத்தினால் தொரை தொப்பியை மாட்டிக்கொண்டு போயிருப்பார், வண்டியும் போயிருக்கும், கத்திய திருப்தி மட்டும் எனக்கு மிஞ்சியிருக்கும். அந்தத் திருப்தியை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியையும் காப்பாற்ற முடியாது. நான் மேசைமேல் கிடந்த பட்டைத் துண்டுகளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினேன்.

"சரி தொரை. சாயங்காலமே அனுப்பலாம். ஆனா ஒண்ணு. அவ முதுகுல இருக்கறது பட்டை அழுகல் மாதிரி இருக்கு. அவ வேற தெனமும் புதுக்காட்டுலதான் மருந்தடிக்கிறா. மரத்துக்கு மரம் ஒரசிக்கிட்டேதான் போறா. சாயங்காலம் வரைக்கும் இங்க வச்சிருந்தா, தொத்திருமோன்னு ஒரு யோசன."

தொரை எழுந்துவிட்டார்.

"எதுக்குத் தொத்தும்?"

"மரத்துக்குத்தான்."

நான் சொன்னது கலப்படமில்லாத பொய். முகத்தை ஈரத்துணி மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். தொரை நிபுணரின் பக்கம் திரும்பி, "அப்படி வருமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கணத்தை நான் நினைவில் வைத்திருக்கிறேன். அந்த இளைஞர் நல்ல படிப்பாளி. "வரவே வராது" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, மாரியாயியும் முடிந்தாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நான் பாக்கணும்" என்றார்.

மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். தொரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுகொண்டார். நிபுணர் உள்ளே வந்து, பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தவளின் பக்கத்தில் மண்டியிட்டு, வழக்கப்படி கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டார். அதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஆமா சார்" என்றார் தொரையிடம். "இத ஒரு நிமிசம் கூட தோட்டத்துல வைக்கக்கூடாது. மரத்துக்கு ரொம்ப ஆபத்து. நானே கூட்டிட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு நடந்த சுறுசுறுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொரையே டிரைவரைக் கூவி அழைத்தார். சீட்டில் பிளாஸ்டிக் விரிக்கச் சொன்னார். அவள் செருப்பை எரிக்கச் சொன்னார். போகிற வழியில் எந்த மரத்தின் பக்கமும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு மந்திரிக்குக்கூட எங்கள் தோட்டத்தில் இவ்வளவு சீக்கிரம் வண்டி கிளம்பியதில்லை.

வண்டியில் நான் மாரியாயியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி தாப்பாவைத் தாண்டியது. நிபுணர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"அண்ணே, மரத்து நோய் மனுசனுக்கு வராதுன்னு உங்க மேனேஜருக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். மரம்னு சொன்ன ஒடனே மறந்துருச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இத வெளிய சொல்லிறாதீங்க அண்ணே, என் வேல போயிரும் லா" என்றார். இத்தனை காலம் சொல்லவில்லை. இப்போதும் பெயரைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

மாரியாயி பிழைத்தாள். இன்னும் ஓரிரு நாள் பம்பைத் தூக்கியிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பல வாரம் படுத்திருந்தாள், மூச்சு பழையபடி முழுசாகத் திரும்பவில்லை.

இதற்குள் தோட்டத்தில் புரட்சியே நடந்துவிட்டது. ஒழுகும் பம்புகள் எல்லாம் போய்ப் புதுப் பம்புகள் வந்தன. சோப்பு வந்தது, நீளமான ரப்பர் கையுறை வந்தது, முதுகுக்குப் பிளாஸ்டிக் துணி வந்தது. உடம்பில் அரிப்பு உள்ள யாரும் புதுக்காட்டுக்குள் காலை வைக்கக்கூடாது, சம்பளத்தோடு லயத்திலேயே இருக்க வேண்டும் என்று பெரட்டில் அறிவித்தார்கள். எல்லாம் மரத்தின் பாதுகாப்புக்காக. மனிதர்களின் பெயரைச் சொல்லி வருடக்கணக்கில் நான் கேட்டுக் கிடைக்காத அத்தனையும் மரத்தின் பெயரால் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. நான் எதையும் திருத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு கையுறைகளை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு மாரியாயியைப் பார்க்கப் போனேன். உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம், தொரை மூக்கைப் பொத்தியது உட்பட, நடித்தே காட்டினேன். பக்கத்துக் கட்டில் பெண்கள் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டினாள். மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் ஐயா, நான் சாகப்போறேன்னு அவருகிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"சொன்னேன்மா. மொதல்ல அதத்தான் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"அதுக்கு என்னா சொன்னாரு?"

"சாயங்காலம் பாப்போம்னாரு."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எவ்வளவு பேசியும் அதைத் தொடவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒருநாள் பொய் சொல்லித்தான் வண்டி வாங்க வேண்டியிருக்கும். வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் உண்மையை முதலில் சொல்லிவிடுங்கள். அது எடுபடாது என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். பிழைத்து எழுந்த நோயாளி ஒருநாள் உங்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்பார். நான் மட்டும் நேரே பொய்க்குத் தாவியிருந்தால், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

திரும்பி வந்த மாரியாயி ஒரு காலையில் பெரட்டுக்கு வந்தாள். தொரையும் வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இனி லேசான வேலைதான், நர்சரியில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லி, ஒரு ஜோடிப் புதுக் கையுறையை மேசைமேல் வைத்தார்.

"இதக் கழட்டாம வேல செய்யணும்" என்றார்.

மாரியாயி கையுறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "தொரை, ஒண்ணு கேக்கணும். இது எனக்கா, மரத்துக்கா?"

தொரை என்னைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் நல்லதுதானே லா" என்றார்.

"மொதல்ல யாருக்கு?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவளுக்கு அப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினாலே மூச்சு வாங்கும்.

"அப்ப மரத்துக்கே மாட்டி விடுங்க தொரை" என்று கையுறையை மேசைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டே ஈப்போ பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.